நூற்று முப்பது புளியங்கொட்டை

செப்டம்பர் 25, திங்கள்

இது அவருடைய டைரி. உரக்கடையில் வருஷா வருஷம் கொடுப்பது. மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டார், எந்த வரிசைக்குத் தண்ணீர் பாய்ந்தது என்றெல்லாம் இதில்தான் எழுதுவார். செப்டம்பர் பதினாறு வரை அவர் கையெழுத்து. அதற்குப் பிறகு வெள்ளை. வெள்ளையாக விட மனம் வரவில்லை. நான் ஏழாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தாலும் படிக்க யார் இருக்கிறார்கள்.

பதினேழாம் தேதி தென்னந்தோப்பில் மவுத்தானார். நெஞ்சுவலி. வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். காலையில் வண்டியை எடுக்கும்போது, "அதக் கட்டிப் போடு, காலுக்குள்ள காலுக்குள்ள வருது" என்றார். நாய்க்குட்டியைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இத்தாவில் இருக்கிறேன். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்தக் காலம். நகை கூடாது, பூ கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கொழுந்தன் சிக்கந்தர் வந்தால்கூட கூடத்துத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார். நான் சொல்வதை மச்சி எடுத்துச் சொல்லுவார். மச்சி என்றால் அவருடைய அக்கா, மைமூன். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். நூற்று முப்பது புளியங்கொட்டையை எண்ணி ஒரு செம்பில் போட்டு வைத்திருக்கிறார். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுததும் தினம் ஒன்றை எடுத்து இன்னொரு செம்பில் போடுவார். ணங் என்று கேட்கும். இன்று ஒன்பதாவது.

செப்டம்பர் 28, வியாழன்

குட்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அவர் தோப்புக் காவலுக்கென்று கொண்டுவந்தது. சிப்பிப்பாறைக் கலப்பு. வந்தபோது நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பல் முளைத்துக் கொஞ்சம் பெரிசானதும் தோப்பில் விடலாம் என்று கொல்லையில் வைத்திருந்தார்.

மச்சிக்கு நாய் ஆகாது. வானவர்களான மலக்குமார் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்றார். பிறகு வேறொன்று தோன்றிவிட்டது. "அது கடுவனா பொட்டையா?" என்று கேட்டார். கடுவன் என்றால் இத்தா வீட்டில் வைக்கவே கூடாதாம். எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கார பொன்னுத்தாயைக் கொல்லைச் சுவர் வழியாகக் கூப்பிட்டோம். அவள் குட்டியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சியம்மா, இதும் பொம்பளதான். வேணும்னா இதையும் சேத்து இத்தாவுல வச்சுக்கங்க" என்றாள்.

மச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பதினேழாம் தேதிக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

குட்டி கொல்லையோடு இருக்கலாம். கூடத்துக்கு வரக்கூடாது. தட்டு தனி.

அக்டோபர் 5, வியாழன்

ஜிமிக்கி என்று பேர் வைத்திருக்கிறேன். காது இரண்டும் தொங்கி ஆடுகிறது. என் ஜிமிக்கியைத்தான் அன்றைக்கே கழற்றி வாங்கிவிட்டார்களே.

அக்டோபர் 14, சனி

மச்சி கேட்டார், தலைக்கு ஊற்றினாயா என்று. இன்னும் இல்லை என்றேன். நாலு நாள் தள்ளிவிட்டது. அழுது அழுது தள்ளியிருக்கும். மச்சி போய் இரண்டு ரக்அத் தொழுதார். துவாவில், "யா அல்லா, தாகிரு ஒண்ண வச்சுட்டுப் போயிருக்கட்டும்" என்று முணுமுணுத்தது கேட்டது. தம்பியை அபுதாகிர் என்று முழுசாகக் கூப்பிட்டதே இல்லை.

மச்சியிடம் சொல்லியிருக்கலாம், அப்படி இருக்காது என்று. எப்படித் தெரியும் என்று கேட்பார்.

அக்டோபர் 16, திங்கள்

இன்று பிறை தெரிந்ததாம். பள்ளிவாசலில் சொன்னார்கள். எனக்கு மொட்டை மாடிக்குப் போக அனுமதி இல்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மச்சி ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் காயும் துணியைப் பார்த்துவிட்டார். இன்றைக்குக் கொட்டை போட்ட சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

பொன்னுத்தாய் ஆடுகளை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். ஜிமிக்கியையும் சாக்கில் தூக்கிக்கொண்டு போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு வந்தாள். அங்கே ஒரு பொம்பளை டாக்டர் வந்திருக்கிறதாம். அது சொல்லி அனுப்பிய சேதி: ஆறு மாதம் முடியும்போது கொண்டு வாருங்கள், குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்துவிடலாம், முதல் தடவை ரத்தம் காணுவதற்கு முன்னாலேயே செய்துவிட்டால் பின்னால் கட்டி கிட்டி வராது. செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன்.

எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆறு மாதம் என்றால் அதுவே குழந்தை. ஒரு ஈத்தாவது போடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பெண் பிறப்பு அதைக்கூடப் பார்க்காமல் போக வேண்டுமா.

நவம்பர் 14, செவ்வாய்

பிறை தெரிந்ததாம். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 23, வியாழன்

அரிசி புடைத்தேன். தலையணை உறை நாலு தைத்தேன். அவர் சட்டைகளை வெளுத்து மடித்து வைத்தேன். யாருக்கென்று மச்சி கேட்கவில்லை. ஜிமிக்கிக்குக் கஞ்சி. நாய் வாய் வைத்த தட்டு, அதனால் மண் போட்டு ஒரு தடவை, தண்ணீரில் ஆறு தடவை. ஏழு கழுவலுக்கும் நேரம் போகிறது. நல்லதுதான்.

பொன்னுத்தாய் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள், ஆபரேஷன் என்ன ஆச்சு என்று. ஒரு ஈத்து போடட்டும் என்று மறுபடி சொன்னேன்.

"யாருக்காகக்கா?" என்றாள். "அதுவா கேட்டுச்சு?"

கோபம் வந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 1, வெள்ளி

வெள்ளிக்கிழமை யாசின் ஓத அஜரத் வீட்டம்மா வருவார். பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்தின் மனைவி. மெல்லிய குரல். பொன்னுத்தாய் சொன்னதை அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 6, புதன்

தெருக்கதவு திறந்திருந்தபோது ஜிமிக்கி வெளியே ஓடிவிட்டாள். நான் வாசற்படி வரை ஓடிப் போய் நின்றேன். நிலைக்கு உள்ளே இரண்டு பாதமும். மச்சி பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

தெரு நடுவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் தெரு நாய்கள் மூன்று. ஒன்று அவள் வாலைத் தூக்கி முகர்ந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. நான் வருவேன் என்று காத்திருந்தாள். ஏழு எட்டு அடிதான் இருக்கும். இரண்டு பேருமே நகரவில்லை. கடைசியில் பொன்னுத்தாய்தான் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

மூன்று மாதமாகக் கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடுவில் வளர்ந்தவள். தெருவில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் இனித் தெரியுமா.

டிசம்பர் 13, புதன்

சிக்கந்தர் வந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம். இத்தா ஜனவரி இருபத்து நாலு மஃரிபோடு முடிகிறது, அன்றைக்கே நாயைத் தோப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றார். கொட்டகையில் கட்டிப் போட ஏற்பாடு செய்தாயிற்று. நல்ல கடுவன் ஒன்று சின்னமனூரில் பார்த்திருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு ஈத்து. முதல் ஈத்துக்கு இப்போதே ஐந்து பேர் குட்டி கேட்டிருக்கிறார்களாம்.

மச்சி என்னைப் பார்த்தார். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதை எடுத்துச் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம். பொறந்த பொட்டை குட்டி போடாம என்ன செய்யும்? மதினிக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லாமப் போச்சு. அந்த வாயில்லா ஜீவனையுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக எல்லாரும் சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பீரோவின் அடித்தட்டில் மதுரை ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது. கல்யாணமான மூன்றாம் வருஷம் போனது. அதில் இரண்டு பேர் பெயர். ஒரு பெயருக்குக் கீழே குறை இல்லை என்று எழுதியிருக்கும். அது யார் பெயர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், தேனி வரை விடவில்லை. வைத்தியம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் இவர். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்.

காகிதத்தை நான் எடுக்கவில்லை.

எடுத்தேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

பிறை.

ஒரு ஈத்தாவது போடட்டும் என்று நான் சொன்னதும், சிக்கந்தர் சொன்னதும் ஒன்றுதானா என்று இன்றைக்கு முழுக்க யோசித்தேன். மிளகாய் காயப்போட்டதை எடுக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

பொன்னுத்தாயைக் கூப்பிட்டேன். ஆபரேஷன் செய்துவிடலாம், நீயே கொண்டு போ என்றேன். அவள் விசாரித்து வந்து சொன்னாள்: ஜனவரியில் ஆறு மாதம் ஆகட்டும், இப்போது எடை காணாது. இன்னொன்று, மயக்க ஊசி போடுவதால் வளர்க்கிறவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உசிர் சமாசாரம், ஆட்டுக்காரியை நம்பிச் செய்ய முடியாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டதாம்.

நான் எப்படிப் போவேன்.

ஜனவரி 2

டைரி முடிந்துவிட்டது. இந்த வருஷத்து டைரியை உரக்கடையில் யாரும் வாங்கி வரவில்லை. பழைய டைரியின் முதல் பக்கங்களுக்கே திரும்பி வந்துவிட்டேன். இங்கே போன ஜனவரியில் அவர் எழுதியது இருக்கிறது. அச்சடித்த கிழமை ஒரு நாள் பிந்தி நிற்கிறது. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

அவர்: "மோட்டார் 6 – 10. கரண்ட் இல்லை. வடக்கு வரிசை பாக்கி."

அதற்குக் கீழே நான்: ஜிமிக்கி கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டாள். புதுக் கயிறு கட்டினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

டாக்டர் லீவாம். அடுத்த செவ்வாய் மாட்டுப் பொங்கல், ஆஸ்பத்திரி கிடையாது. அதற்கு அடுத்த செவ்வாய் இருபத்து மூன்று. சிக்கந்தர் வருவது இருபத்து நாலு. இத்தா முடிவதும் இருபத்து நாலு. ஒரு நாளில் தவறுகிறது.

ஜனவரி 12, வெள்ளி

பிறை தெரிந்தது என்று பள்ளியில் சொன்னார்கள்.

ஜனவரி 17, புதன்

இரண்டு நாளாகக் கொல்லைக் கதவுக்கு வெளியே கடுவன் நாய்கள் வந்து படுத்துக்கொள்கின்றன. பகலிலும் போவதில்லை. ஒன்று சுவரோரம் பள்ளம் பறித்திருக்கிறது. பொன்னுத்தாய் கல்லெறிந்து விரட்டினாள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டன.

ஜிமிக்கி அடிக்கடி தன்னையே நக்கிக்கொள்கிறாள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கண்டுவிட்டால் இரண்டு மாதம் ஆபரேஷன் செய்யமாட்டார்களாம். அதற்குள் அவள் கொட்டகையில் இருப்பாள்.

காலையும் மாலையும் துணி வைத்துப் பார்க்கிறேன். மச்சி என் துணியைப் பார்த்த மாதிரி. எழுதும்போதுதான் இது தோன்றுகிறது.

ஜனவரி 19, வெள்ளி

இன்று அஜரத் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டேன், அவசரம் என்றால் ஒரு மணி நேரம் போய் வரலாமா என்று. மச்சி முந்திக்கொண்டார். "நாய்க்கா? நாலு பேரு கேட்டா என்னம்மா சொல்றது, புருஷன் கப்ரு காயறதுக்குள்ள நாயத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்னா?" என்றார். சொல்லிவிட்டு தேத்தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டார்.

அஜரத் வீட்டம்மா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, தேவை என்றால் பகலில் போய் வர இடமிருக்கிறது, ஆனால் மச்சியின் மனசை முறிக்க வேண்டாம் என்றார். இத்தா என்றைக்கு முடிகிறது என்று கேட்டார். நூற்று முப்பது நாள், இருபத்து நாலாம் தேதி என்றேன்.

"மவுத்து பிறை எத்தனையில?"

"மொதப் பிறை. ரபியுல் அவ்வல் மாசம் பொறந்த அன்னைக்கு. அன்னைக்குப் பள்ளியில மவுலூது ஆரம்பம்."

"அப்ப நாளை ஏன் எண்ணுறீங்க? மாசத்து நடுவுல மவுத்தானாத்தான் நூத்தி முப்பது. மொதப் பிறையில ஆனா நாலு பிறை மாசமும் பத்து நாளும். பிறை எப்பப்ப தெரிஞ்சுதுன்னு பாரும்மா."

மச்சி தேத்தண்ணீரோடு வந்தார். பேச்சு நின்றுவிட்டது.

ஜனவரி 20, சனி

டைரியைப் புரட்டினேன். அக்டோபர் 16 பிறை என்று எழுதியிருக்கிறேன். நவம்பர் 14. டிசம்பர் 14. ஜனவரி 12. வேறு வேலை இல்லாததால் எழுதி வைத்தது. முதல் மாதம் முப்பது. இரண்டாவது இருபத்தொன்பது. மூன்றாவது முப்பது. நாலாவது இருபத்தொன்பது. விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. அதோடு பத்து.

இருபத்து இரண்டாம் தேதி மஃரிபோடு முடிகிறது. மச்சியிடம் சொல்லவில்லை. துணியில் இன்னும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, திங்கள்

மஃரிப் தொழுதேன். அவருக்காக ஓதினேன். ணங் என்றது. "இன்னும் ரெண்டுதான் புள்ள, பொறுத்துக்க" என்றார் மச்சி. எனக்கு முடிந்துவிட்டது. முடிந்ததும் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். கூடம் அப்படியேதான் இருக்கிறது. சட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன. பயமாக இருந்தது. போகாமல் இருந்துவிடலாம், இன்னும் இரண்டு நாளும் இப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றியது.

ஜனவரி 23, செவ்வாய்

காலையில் துணி சுத்தமாக இருந்தது. பொன்னுத்தாயை ஆட்டோ கொண்டுவரச் சொன்னேன். புர்கா போட்டு, ஜிமிக்கியைக் கூடையில் வைத்து, வாசலுக்கு வந்தேன். மச்சி கதவை மறித்துக்கொண்டு நின்றார். கையில் செம்பு.

"இன்னும் ரெண்டு கொட்டை இருக்கு" என்றார்.

கூடையைக் கீழே வைத்தேன். டைரியை எடுத்து வந்தேன். மச்சிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. நாலு பிறையையும் வாசித்துக் காட்டினேன். அஜரத் வீட்டம்மா சொன்னதையும் சொன்னேன். மச்சி தஸ்பீஹ் எண்ணுவதுபோல விரல் கணுக்களில் எண்ணினார். ஒரு தடவை எண்ணி முடித்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் அழுவதை அப்போதுதான் பார்த்தேன். இந்த நூற்று இருபத்தெட்டு நாளில் என் முன்னால் அழுதவரில்லை.

"அப்ப தாகிரு போயி அத்தன நாளாச்சா" என்றார்.

கதவை விட்டு விலகினார். நான் படி இறங்கும்போது, வெயிலாக இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போ என்றார்.

தெரு முன்பைவிட அகலமாகத் தெரிந்தது. ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். மயக்கத்தில் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதைக் கட்டிப் போடு என்றுதான் அவர் சொன்னார். இந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண். "யோசிச்சுக்கங்கம்மா. ஆனா இன்னைக்கு விட்டா இவளுக்கு நாள் இல்ல, அடுத்த வாரம் ரத்தம் கண்டுரும்" என்றது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று என் வாயில் வந்தது. வெளியே விடவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் ஜெய்த்தூன் பீவி என்று எழுதினேன். பீவி கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பொன்னுத்தாய் முறுக்கு தின்றாள். ஒன்றரை மணி நேரம். நாக்கு வெளியே தொங்க, கண் பாதி திறந்து, தூக்கி வந்து என் மடியில் போட்டார்கள். சூடாக இருந்தாள். மூச்சு வந்தது. புர்காவெல்லாம் எச்சில். எழுந்திருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 24, புதன்

கஞ்சி குடித்தாள். கொல்லை நாய்கள் இன்னும் போகவில்லை. வாசம் போகச் சில நாள் ஆகுமாம்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சிக்கந்தர் சங்கிலியோடு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் சங்கிலி கிலுகிலுவென்றது. மச்சி விஷயத்தைச் சொன்னார். சங்கிலிச் சத்தம் நின்றது. பிறகு சிக்கந்தர், யாரைக் கேட்டுச் செய்தீர்கள், இத்தாவில் இருக்கிற பொம்பளை வெளியே போனால் ஊர் என்ன பேசும் என்றார். "கணக்கு எனக்குத் தெரியும், நேத்தே முடிஞ்சிருச்சு. ஊரு கேட்டா மைமூன் சொன்னான்னு சொல்லு" என்றார் மச்சி. முந்தாநாள் மஃரிபோடு முடிந்தது. நான் திருத்தவில்லை.

"குட்டி போடாத நாய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார் சிக்கந்தர்.

இத்தனை நாளும் நான் சொல்ல வேண்டியதை மச்சி சொல்லுவார். மச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"அது எனக்கு வேணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சங்கிலிச் சத்தம் வாசல் வரை போய்த் தேய்ந்தது. நாளைக்கு வேறு யாராவது வந்து பேசுவார்கள். பேசட்டும்.

மஃரிபுக்குப் பிறகு ணங் சத்தம் வரவில்லை. காது அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். மச்சி கொல்லைப் படியில், ஜிமிக்கியிடமிருந்து ஒரு கை தள்ளி உட்கார்ந்திருந்தார். தையல் பிரிக்கும் வரை பத்து நாள் இவளை எங்கேயும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

பால் தீர்ந்திருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நான் போய் வாங்கி வந்தேன்.